கடல் மூடும் மாதங்களும் நம் கஞ்சிக்கூடமும்: இனி எந்தப் பக்கம் வளர்வது?

சேதுக்கரையான்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வல்லங்களும் விசைப்படகுகளும் கரையில் நின்றன, மீன் ஏலம் நின்றது. அன்றைக்குப் பள்ளிவாசல் அண்டாவையும் அம்மன் கோயில் அடுப்பையும் கேட்டு வாங்கி ஆரம்பித்த கஞ்சிக்கூடம் இது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி. அதுதான் முதல். அப்போது கஞ்சியும் தேங்காய்த் துவையலும் மட்டும் கொடுத்தோம். அப்புறம் பந்திக்கு வரமுடியாத வீடுகளுக்கு மளிகைப் பை போனது. அதற்கும் அப்புறம், ரேஷன் அட்டையே இல்லாதவர்களுக்கு மனு எழுதித் தாலுகா அலுவலகம் வரை கூடப் போவதும் நம் வேலையாகிவிட்டது. இப்போது சேதுக்கரை, பெரியபட்டினம் பக்கம் மட்டுமல்ல, வாலிநோக்கம் வரைக்கும் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

இனிதான் கேள்வி. வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர் பெரிய உதவி செய்ய முன்வந்திருக்கிறார்கள். ராமநாதபுரத்தில் நீராவி அடுப்போடு ஒரே பெரிய சமையல்கூடம், நாலைந்து வேன், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை தினமும் சாப்பாடு. நல்ல மனசோடு சொல்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாம் வளரவேண்டிய பக்கம் அதுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம்மிடம் குறைவது அடுப்பு இல்லை. தேதி. பணம் வரும் தேதியும் பசி வரும் தேதியும் இங்கே ஒன்றாக இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குச் சேதுக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் அன்னதானத்துக்கு ஆள் போட்டி போட்டு வருகிறார்கள். பிறந்தநாள், நினைவு நாள், கல்யாண நாள் என்று கேட்டு வாங்கிச் சோறு போடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது யார் கேட்கிறார்கள்? அதே சமயம்தான் பள்ளி விடுமுறை. காலை உணவுத் திட்டமும் இல்லை, சத்துணவும் இல்லை. அப்பாவுக்கு மீன்பிடிப் பங்கு நிற்கிற நாளில் பிள்ளைக்குப் பள்ளிச் சாப்பாடும் நின்றுபோகிறது. ஒரே வீட்டில் இரண்டு அடி.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கீழைமகள்

அண்ணே, தேதி விஷயத்தில் நீங்கள் சொன்னதற்கு ஒரு காரணம் கூடச் சேர்க்கிறேன். நாம் ஆரம்பித்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள். 2021-இல் ரமலானும் தடைக்காலமும் ஒட்டியே வந்தன, ஏப்ரல் நடுவில். ஜகாத், ஃபித்ரா தருமங்கள், நோன்புக் கஞ்சி எல்லாம் தடைக்காலத்துக்குள்ளேயே விழுந்தன. அதனால் நமக்குப் பாரம் தெரியவில்லை. பிறைக் கணக்கில் ரமலான் வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. 2025-இல் மார்ச் முடியும்போதே பெருநாள் வந்துவிட்டது. தடை ஆரம்பிக்கும்போது ஜமாஅத்தின் பொதுநிதியான பைத்துல்மாலில் கொடுக்கவேண்டியதை எல்லாம் கொடுத்து முடித்திருந்தார்கள். இந்த இடைவெளி இனி வருஷா வருஷம் அகலும். இன்னும் பல வருஷத்துக்கு ரமலான் திரும்பத் தடைக்காலத்துக்கு வராது.

கீழக்கரையில் கொடுக்கும் கைக்குப் பஞ்சமில்லை. சீதக்காதி பிறந்த ஊர். ராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதி காலத்தில், பொன்னும் நெல்லும் சரிசமமாக விற்ற பஞ்சத்தில் அன்னதானத்தை நிறுத்தாதவர் என்றுதான் புலவர்கள் அவரைப் பாடினார்கள். பஞ்சத்தில் கொடுத்தார் என்பதற்காகத்தான் அந்தப் பேர். பெருநாளைக்குக் கொடுத்ததற்காக இல்லை.

இன்னொன்று. 2020 ரமலானில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச முடியாமல் அரிசியை வீடு வீடாகக் கொடுத்தார்களே, நம் மளிகைப் பைக்கு அதுதான் முன்மாதிரி. அப்போதுதான் எங்கள் தெருவில் எத்தனை வீடு பந்திக்கே வராமல் இருந்தது என்று தெரிந்தது.

தொண்டித்துறை

துபாயிலிருந்து எழுதுகிறேன். பெரிய சமையல்கூடத்துக்குப் பேசியவர்களில் நானும் ஒருவன், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒருவரிடம் பணம் கேட்கும்போது "எத்தனை பேருக்குச் சோறு போட்டீர்கள்" என்றுதான் முதலில் கேட்கிறார். ஊர் ஊராகச் சின்னச் சின்ன அடுப்பு என்றால் கணக்குக் காட்ட முடியவில்லை, சுத்தமும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரே இடத்தில் சமைத்தால் அரிசி மொத்த விலைக்குக் கிடைக்கும், விறகு வேண்டாம், பெண்கள் புகையில் நிற்கவேண்டாம். தண்ணீரையும் யோசியுங்கள். நம் கடற்கரை ஊர்களில் குடம் குடமாகக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கித்தான் உலை வைக்கிறோம். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. ராமநாதபுரத்தில் அந்தத் தொல்லை குறைவு.

மனசில் இருப்பதைச் சொல்கிறேன். என் அத்தா கடலுக்குப் போனவர். தடைக்காலம் என்ன என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை. நிறையப் பேருக்குப் போகவேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் சொல்கிறேன்.

பாம்பன் பாலத்தடி

தொண்டித்துறை காக்கா சொல்வதில் தண்ணீர் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தூரத்தைப் பாருங்கள். நம் மாவட்டக் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கே 55 கிலோமீட்டர் வரும். தொண்டியும் சாயல்குடியும் எதிரெதிர்ப் பக்கம். காலையில் வடித்த சோறு மத்தியானம் கடைசி ஊருக்குப் போகும்போது என்ன பதத்தில் இருக்கும்? சித்திரை வெயிலில் சாம்பார் தாங்காது. சூடு குறையாமல் கொண்டுபோகப் பெட்டி, வண்டி, ஆள் என்று செலவு ஏறும். மொத்த விலை அரிசியில் மிச்சம் பிடித்ததை டீசல் தின்றுவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நான் தீவுக்காரன். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடி போனது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பாம்பன் ரயில் பாலமும் உடைந்தது. சரிசெய்ய 46 நாள் ஆனது. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது, ஆக அந்த 46 நாளும் தீவுக்கு அரிசி படகில்தான் வரவேண்டும். எங்கள் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: புயல் முடிந்த முதல் சில நாளைக்குக் கரையில் யாரிடம் என்ன இருந்ததோ அதுதான் சோறு. வெளியிலிருந்து வருவது அப்புறம்தான். சமையல்கூடம் ராமநாதபுரத்தில் இருந்து, பாலத்தில் போக்குவரத்து நின்றால் தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் யார் போடுவது? ஒவ்வொரு ஊரிலும் ஒரு அண்டா, பத்து நாள் அரிசி, அதைக் கையாளத் தெரிந்த நாலு பெண்கள். இதை எந்தப் பெரிய கூடத்துக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வாலிநோக்கம் செல்வி

எல்லோரும் மீன்பிடியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் உப்பளத்து வீட்டுப் பெண். எங்கள் பசிக்கு வேறு மாதம். மழை விழுந்தால் பாத்தியில் வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் கடன்தான். தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது, அதை மறுக்கவில்லை. பதியாதவர்கள்? ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த ஆட்கள்? என் அம்மா காலமெல்லாம் உப்பு வாரினார், ஒரு தாளில்கூட அவர் பேர் இல்லை.

மீனவர்களுக்கும் இதே கதைதான். தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாய் ஆக்குவதாக 2023-இல் மண்டபம் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் கருவாடு காயவைக்கும் பெண், ஐஸ் உடைக்கும் ஆள், ஏலக்கூடத்தில் கூடை தூக்குகிறவர், வலை பின்னுகிற கிழவர் எல்லாம் படகோடு சேர்ந்தே நிற்கிறார்களே, அவர்கள் பெயர் பெரும்பாலும் பட்டியலில் வராது. கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்களையும் சேருங்கள். கடல் கொந்தளித்தால் அவர்களுக்கும் கூலி இல்லை. உள்ளே கடலாடி, கமுதிப் பக்கம் கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும் அடைமழையில் அடுப்பு எரியாது.

ஆக நம் கூடம் வளரவேண்டும் என்றால் ஊர் எண்ணிக்கையில் வளர்வதற்கு முன்னால் மாதங்களில் வளரட்டும். இப்போது கோடையில்தான் நன்றாக ஓடுகிறது. மழைக்காலத்தில் நம் பேனரைக்கூடப் பார்க்க முடிவதில்லை.

சேதுக்கரையான்

செல்வி, இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சுற்றிச் சுற்றி எழுதினேன். மாதங்களில் வளர்வது.

ஏட்டுச்சுவடி

வரலாறு படித்தவன் என்பதால் குறுக்கே வருகிறேன். நீளமாகும்.

நம் கரையில் சோறு போடுவதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது, சத்திரம். ராமேஸ்வரம் யாத்திரைப் பாதை நெடுக, சேதுபதிகளும் தஞ்சை மராட்டிய அரசர்களும் கட்டினார்கள். தொண்டிக்கு வடக்கே மீமிசல், மணமேல்குடி என்று கடலை ஒட்டியே இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி வந்தபோது, இந்தச் சத்திரங்களைத் தொடவேண்டாம் என்று தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் கம்பெனிப் பிரதிநிதியான ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லாச் சாதிக்கும், பக்கீர்களுக்கும் பரதேசிகளுக்கும் அங்கே சோறு உண்டு, சமைத்ததை வாங்க மனமில்லாதவர்களுக்கு அரிசியும் சாமானும் தனியாக உண்டு, நடுராத்திரி வரை போடுவார்கள், அப்புறம் மணி அடித்து இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச்சொல்லி அழைப்பார்கள் என்று அதில் இருக்கிறது. நோயில் விழுந்த வழிப்போக்கருக்கு வைத்தியம், அநாதைப் பிள்ளைக்குப் படிப்பு, பிரசவத்துக்கு நிற்கும் பெண்ணுக்குக் கவனிப்பு எல்லாம் அங்கேயே.

இருநூறு வருஷத்துக்கு முன்னால், அரிசியாக வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லும் உரிமையைக் கொடுத்திருக்கிறார்கள். கீழைமகள் சொன்ன பந்திக்கு வராத வீடுகளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அது எப்படி நடந்தது? நிலம் எழுதி வைத்திருந்தார்கள். விளைச்சலிலிருந்து வருஷம் முழுக்க நெல் வரும். யாருடைய பிறந்தநாளையும் நம்பி உலை வைக்கவில்லை. கோயில்களில் இன்றும் கட்டளை என்று இருக்கிறதே, அதே வழி. ஒரு கட்டளைக்காரர் ஒரு பூஜையை ஏற்றால் அது அவர் காலத்துக்குப் பிறகும் நடக்கும்.

அந்த ஏற்பாடும் எல்லாப் பசியையும் தீர்க்கவில்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்த மாகாணமே கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்தது. சத்திரம் வழிப்போக்கருக்காகக் கட்டியது, ஊரே வழிப்போக்கராகும்போது அது தாங்காது. வடலூரில் வள்ளலார் தருமச்சாலை தொடங்கியது 1867, அந்தப் பஞ்சத்துக்கு ஒன்பது வருஷம் முன்னால். பஞ்சம் வரும்வரை காத்திருக்காமல் மூட்டிய அடுப்பு என்பதால்தான் அது தேவைப்பட்டபோது எரிந்துகொண்டிருந்தது.

அரசுப் பக்கமும் அப்படித்தான் படிப்படியாக வளர்ந்தது. 1956-இல் காமராசர் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022-இல் காலை உணவு. ஒவ்வொன்றும் முந்தையது விட்ட ஒரு இடத்தைப் பிடித்தது. விடுமுறை மாதத்தை இன்றைக்கு யாரும் பிடிப்பதில்லை. நம் கரையில் அந்த மாதம்தான் தடைக்காலம். நாம் பிடிக்கவேண்டியது அதைத்தான்.

கணக்குப்பிள்ளை ராம்நாடு

தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஏட்டுச்சுவடி சொன்ன கட்டளையை இன்றைய சட்டத்தில் எப்படி வைப்பது என்று சொல்கிறேன்.

அறக்கட்டளையாகப் பதிந்து, வருமான வரிச் சட்டத்தில் தரும நிறுவனப் பதிவும், கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கும் அனுமதியும் (1961 சட்டத்தில் 12ஏபி, 80ஜி என்று இருந்தவை) வாங்கினால், ஒரு வருஷ வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருஷமே தருமத்துக்குச் செலவழிக்கவேண்டும். ஆகச் சும்மா சேர்த்துவைக்க முடியாது. ஆனால் நன்கொடையாளர், இது மூலநிதிக்கு என்று எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுத்தால் அதைத் தனியாகச் சட்டம் அனுமதிக்கும் முதலீட்டில் போட்டு வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிக்கலாம். இதுதான் இன்றைய கட்டளை. ரசீதில் அந்தக் குறிப்பு இருக்கவேண்டும், வாய்ப்பேச்சு போதாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு அந்த வரிச்சலுகை கிடைக்காது, வங்கி வழியாக வரட்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் எல்லோரும் பயப்படுகிறார்கள், தேவையில்லாத பயமும் கலந்திருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்நியக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் ஆகும், வம்சாவளி அட்டை இருந்தாலும் ஆகும். அப்படிப்பட்ட பணத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.-வில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமைப் பார்க்க வருகிற கனடா, லண்டன் உறவுகள் கையில் கொடுத்துவிட்டுப் போவதை வாங்கிக்கொள்ளும் பழக்கம் நிற்கவேண்டும். பாஸ்போர்ட் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலுக்கும் சொல்லிவிடுகிறேன். இலவசமாகப் போட்டாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது உணவுத் தொழில்தான். ஒவ்வொரு அடுப்புக்கும் பதிவு எடுங்கள். சிறிய அளவுக்கு வருஷக் கட்டணம் 100 ரூபாய்தான்.

தொண்டித்துறை

கணக்குப்பிள்ளை சார், இந்தக் குடியுரிமை விவரம் முன்பே தெரிந்திருந்தால் இங்கே பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும். எங்கள் கூட்டத்தில் பெரும்பாலானவர்களிடம் இந்திய பாஸ்போர்ட்தான்.

ஆனால் ஒரு சங்கடத்தை நீங்களும் புரிந்துகொள்ளுங்கள். கொடுப்பவர் அவருடைய அத்தாவின் நினைவு நாளில் சோறு போகவேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. அவரிடம் "உங்கள் நாள் வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? மனசு முறிந்துவிடும்.

கீழைமகள்

காக்கா, வேண்டாம் என்று சொல்லவேண்டாம். நினைவு நாளைக்குத் துஆ, கொடுத்ததற்கு மே மாதத்தில் சோறு. அத்தா பேரிலேயே தடைக்காலத்தில் ஒரு வாரத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வாரம் எந்த ஊருக்குப் போனது என்று அவர்களுக்கு எழுதுவோம். என் மாமி அப்படித்தான் இந்த வருஷம் செய்தார். அவருக்கு ஒரு குறையும் தோன்றவில்லை, ஏழை வீட்டில் அடுப்பு எரிகிற நேரம் பார்த்துக் கொடுப்பதில் என்ன இருக்கிறது, எரியாத நேரத்தில் கொடு என்று எங்களுக்கே சொன்னார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி யாரும் கேட்கக்கூடாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்தப் படம் வாட்ஸாப்பில் சுற்றியதால் அந்தப் பிள்ளை பந்திக்கு வருவதையே விட்டுவிட்டது. அண்டாவைப் படம் எடுங்கள், அரிசி மூட்டையை எடுங்கள், கணக்கு நோட்டை எடுங்கள்.

வாலிநோக்கம் செல்வி

இதற்கு நான் இரண்டு கையையும் தூக்குகிறேன். எங்கள் ஊரில் வரிசையில் நிற்க வெட்கப்பட்டே தண்ணீரைக் குடித்துப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் போடும்போது மட்டும் அந்த வெட்கம் வராது. படிப்பு வட்டம் மாதிரி வைத்து, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பந்தியில் போட்டால் யார் ஏழை என்று தெரியாது. உள்ள வீட்டுப் பிள்ளையும் உட்காரட்டும்.

ரேஷன் வேலையையும் விட்டுவிடாதீர்கள். தனியாக இருக்கும் கிழவிக்கும் தனி அட்டை உண்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை. மிக ஏழை வீடுகளுக்கான அந்தியோதயா அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தால் மாதம் 35 கிலோ அரிசி. நாம் வருஷம் முழுக்கக் கஞ்சி ஊற்றினாலும் அந்த ஒரு வீட்டுக்கு அவ்வளவு போய்ச்சேராது. இதை நம் கணக்கில் "எத்தனை தட்டு" என்று எழுத முடியாது என்பதால் யாரும் மதிப்பதில்லை. துபாய்க் காக்காமார்களுக்கு இதையும் சொல்லுங்கள்: இத்தனை அட்டை வாங்கினோம், இத்தனை பேரை வாரியத்தில் பதிந்தோம் என்று.

பாம்பன் பாலத்தடி

அட்டைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முகாமில் பிறந்த பிள்ளைகள், 2022 மார்ச்சிலிருந்து இலங்கை நெருக்கடியில் அரிச்சல்முனையில் வந்து இறங்கியவர்கள். அவர்கள் சட்டம் வேறு, உதவித்தொகை வேறு. நம் பைகளில் அவர்களை மறக்கவேண்டாம். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன படகில் ஆள் இருந்த வீடுகளையும் தனியாகக் குறித்துவையுங்கள். அந்தப் பசிக்குத் தேதியே கிடையாது, எந்த ராத்திரியும் வரும்.

சேதுக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்டதை வைத்து நிர்வாகக் கூட்டத்தில் இப்படிக் கேட்கப்போகிறேன்.

பெரிய கூடம் இப்போது வேண்டாம். தொண்டித்துறை காக்கா கூட்டத்தாரிடம் கேட்பது ஒரு வேன், ராமநாதபுரத்தில் ஒரு கிட்டங்கி. அங்கே அரிசி, பருப்பு, எண்ணெய் மொத்தமாக வாங்கி வைப்போம், அடுப்பு ஊர்களிலேயே இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் வேன் முதலில் தீவுக்குப் போகும், பாலம் மூடுவதற்கு முன்னால். தண்ணீர் வாங்குகிற காசையும் கிட்டங்கிக் கணக்கில் சேர்க்கலாம், அது இப்போது பெண்கள் கைக்காசிலிருந்து போகிறது. மூலநிதிக்குத் தனி ரசீதுப் புத்தகம் அச்சடிக்கிறோம், அதில் "தடைக்காலக் கட்டளை", "மழைக்காலக் கட்டளை" என்று இரண்டே தலைப்பு. நாள் கேட்கிறவர்களுக்கு வாரம் கொடுப்போம்.

தொண்டித்துறை

வேனும் கிட்டங்கியும் எங்கள் பொறுப்பு, பேசிவிட்டேன். ஆனால் பெரிய கூடத்தை நான் முழுசாக விட்டுவிடவில்லை அண்ணே. ராமநாதபுரம் டவுனில் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளின் கூட நிற்பவர்களுக்கு அது தேவைப்படும். தீவுக்கும் சாயல்குடிக்கும் அது சரிவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டவுனுக்கு வேண்டுமா என்று அடுத்த வருஷம் திரும்பக் கேட்பேன்.

சேதுக்கரையான்

கேளுங்கள், அப்போது பேசுவோம். இப்போது அவசரம் ஐப்பசி. செல்வி, உப்பளத்தில் வாரியத்தில் பதியாத குடும்பங்களின் பட்டியல் மழை பிடிப்பதற்கு முன்னால் வேண்டும். பேர், வீட்டில் எத்தனை பேர், அட்டை இருக்கிறதா, கைக்குழந்தை இருக்கிறதா. இது போதும்.

வாலிநோக்கம் செல்வி

அம்மாவும் நானும் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கிறோம். கரிமூட்டத்து வீடுகளுக்கு எனக்கு வழி தெரியாது. கடலாடிப் பக்கம் யாராவது இந்த இழையைப் படித்தால் கை கொடுங்கள்.